பழைய கணினி, புதிய உயிர்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடையும் ஓசை எட்டும் தொலைவில் என் அறை. அண்ணன் தந்த சிறு மடிக்கணினிக்கு நினைவகம் 1 ஜி.பி. மட்டுமே. அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுவிட்டது. 'பழைய இரும்புக்குப் போடு' என்றனர் தோழர். புதிது வாங்கப் பணம் ஏது? ஆய்வேட்டை எழுதியாக வேண்டுமே!

2003-இல் பாரி காலர் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கிய பப்பி லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பினேன். நினைவகத்திலேயே தங்கி இயங்குவதால், வட்டை அடிக்கடி தேடி அது அலைவதில்லை. தமிழ் எழுத்துருவையும் சேர்த்தேன். படம் பார்க்கத் திணறும், எழுதக் குறையில்லை.

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தோன்றியதும் இத்திருவனந்தபுரத்தில்தான். நண்பர்களே! பழையதெல்லாம் பாழன்று, சுமையைக் குறைத்தால் நடக்கும். என் ஆய்வேட்டின் முதல் இயல் அதில்தான் உருவாயிற்று.