தபலாக்காரருக்குத் தபலா இல்லாத பாட்டு

தபலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அதன் பிறகு 'ஜாகிர்' என்ற மெட்டைக் கேட்பவர்கள் அதை இரங்கல் இசையாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. மெதுவாக நகரும் மெட்டு. இயற்றியவர் 'சக்தி' இசைக்குழுவில் அவரோடு தோளோடு தோள் உட்கார்ந்து வாசித்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். தலைப்போ மறைந்தவரின் பெயர். அழுகைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கின்றன. ஆனால் இந்த மெட்டு முதன்முதலில் ஒலிப்பதிவானபோது ஜாகிருக்கு வயது 35. அதே அறையில் அவரே தபலா வாசித்துக்கொண்டிருந்தார். உயிரோடு, உடல்நலத்தோடு, பக்கத்திலேயே இருக்கிற ஒரு சகக் கலைஞரின் பெயரை ஒரு பாட்டுக்கு ஏன் வைக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய இசைத்தட்டுகளின் உறைகளைப் புரட்டிப் பார்த்ததில், இந்த மெட்டின் பிறப்பிடம் துக்கம் அல்ல, பக்கவாத்தியக்காரரின் இடம் எது என்ற பழைய வழக்கு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஆவணங்கள். 1986 டிசம்பரில் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் ரெயின்போ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜாகிர் உசேன், புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா, மெக்லாஃப்லின், நார்வே சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக் ஆகிய நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். அது ஈ.சி.எம். நிறுவனத்தின் வழியாக 1987-இல் 'மேக்கிங் மியூசிக்' என்று வெளிவந்தது. இசைத்தட்டு ஜாகிரின் பெயரில். அதில் 'ஜாகிர்' என்ற மெட்டு மட்டும் மெக்லாஃப்லினின் ஆக்கம். அதே மெட்டு 1990-இல் வெளியான 'மெடிட்டரேனியன் கன்செர்ட்டோ' இசைத்தட்டில் மறுபடி வருகிறது. அந்தத் தட்டின் பெரும்பகுதி லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு மெக்லாஃப்லின் வாசித்த கன்செர்ட்டோ. மிச்சமுள்ள இடத்தில், பியானோ கலைஞர் கத்தியா லபெக்கோடு அவர் வாசித்த சின்னச்சின்ன இணைப் படைப்புகள். அவற்றில் ஒன்று 'ஜாகிர்'. மூன்றாவது முறை, 1997 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்த கச்சேரிகளில். மெக்லாஃப்லின், ஜாகிர், சௌராசியா, கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் என்று குழு 'ரிமெம்பர் சக்தி'யாக மீண்டும் கூடிய நேரம் அது. 1999-இல் வந்த அந்த இரட்டைத் தட்டில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் 'முக்தி'க்குப் பிறகு, கடைசியாக இது ஒலிக்கிறது. ஆக, சக்தியின் பட்டியலுக்குள் இந்த மெட்டு வந்து சேர்ந்ததே பிறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான். 'ஜாய்', 'லோட்டஸ் ஃபீட்' அளவுக்கு இது பேசப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1986-க்கு முன்னால் இது வேறு பெயரில் உலவியதா என்பது அடுத்த கேள்வி. மெக்லாஃப்லின் தன் மெட்டுகளை ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு எடுத்துப்போகத் தயங்காதவர். 'லோட்டஸ் ஃபீட்' முதலில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டில்தான் வந்தது. ஆனால் 1975 முதல் 1977 வரை பதிவான சக்தியின் மூன்று தட்டுகளிலும் 'ஜாகிர்' இல்லை. 1978-இல் குழு கலைந்த பிறகு அவர் வெளியிட்டவற்றிலும் இல்லை. இடையில் ஒரு தடயம் மட்டும் கிடைக்கிறது. 1984-இல் வந்த 'மகாவிஷ்ணு' தட்டில் சௌராசியா, ஜாகிர், கத்தியா லபெக் மூவரும் மெக்லாஃப்லினுக்காக வந்து வாசித்திருக்கிறார்கள். பின்னாளில் இந்த மெட்டின் வெவ்வேறு பதிவுகளில் தோன்றப்போகிறவர்களில் பலர் அதற்கு இரண்டாண்டு முன்னதாகவே ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதற்கு இது போதும். குழு கலைந்திருந்தது, உறவு கலையவில்லை.

பெயர் சூட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மைல்ஸ் டேவிஸ். 1969-இன் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்து இறங்கிய மெக்லாஃப்லினுக்கு அப்போது 27 வயது. வந்த சூட்டோடு 'இன் எ சைலன்ட் வே' தட்டுக்கு மைல்ஸ் அவரைக் கூப்பிட்டார். ஆகஸ்டில் 'பிட்சஸ் ப்ரூ' பதிவு. அந்த நீண்ட வாசிப்பிலிருந்து வெட்டியெடுத்த நாலரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டுக்கு மைல்ஸ் வைத்த பெயர் 'ஜான் மெக்லாஃப்லின்'. உலகப் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞரின் இசைத்தட்டில், வந்து ஆறேழு மாதமே ஆன கிதார்க்காரரின் பெயரில் ஒரு பாட்டு. அதில் மைல்ஸ் வாசிக்கவே இல்லை என்பதுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. தலைவர் ஒதுங்கி நின்று இடத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு பதிவான இன்னொன்றின் பெயர் 'கோ அஹெட் ஜான்'. 1974-இல் வந்த 'கெட் அப் வித் இட்' தட்டில் 'எம்டுமே' என்றொரு பாட்டு. அது அவருடைய குழுவில் கொங்கா முதலிய தாளக் கருவிகள் வாசித்த ஜேம்ஸ் எம்டுமேயின் பெயர். தாளக்காரரின் பெயரையே தலைப்பாக வைக்கிற வழக்கமும் அங்கேயே இருந்திருக்கிறது. அந்த மரியாதையை இளவயதில் வாங்கிக்கொண்டவர் பதினேழு ஆண்டு கழித்து அதைத் தன் சகக் கலைஞருக்குக் கொடுத்தார். 1981-இன் 'பெலோ ஹோரிசோன்டே' தட்டிலும் பாக்கோ தெ லூசியாவுக்கு ஒரு மெட்டு, கத்தியாவுக்கு ஒரு வால்ட்ஸ் என்று அவர் இதற்குப் பழகியிருந்தார்.

சரி, இது வெறும் ஜாஸ் பழக்கம்தானே, இதில் நம் ஊர் வழக்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம் மரபில் பாட்டு யாரைப் பாடும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. தெய்வம், குரு, அரசர். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் தன் குரு தியாகராஜரைப் பாடினார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் அரண்மனையில் இருந்துகொண்டு சாமுண்டீஸ்வரி மேல் 108 கீர்த்தனைகள் செய்தார். ஆனால் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மிருதங்கக்காரர் மேல் ஒரு கீர்த்தனை என்பது கச்சேரி வழக்கத்தில் இல்லாத சங்கதி. பெயரே பக்கவாத்தியம், கடமும் கஞ்சிராவும் அதற்கும் ஒரு படி கீழே, உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்துபோகிற சபா ரசிகர்களை நாம் அறிவோம். வடக்கிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. ஜாகிரின் தந்தை அல்லா ரக்கா, ரவிசங்கரோடு உலகம் சுற்றிய காலத்தில்தான் தபலாக்காரரின் பெயரும் முகமும் மேல்நாட்டு ரசிகர்களுக்குத் தெரிய வந்தன.

இந்த வழக்கில் பெங்களூருவுக்கும் ஒரு பங்கு உண்டு. டி.ஏ.எஸ். மணி 1964-இல் அங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், தாளத்தை மட்டுமே மையமாக வைத்த பள்ளி. அதன் கலைஞர்கள் தாளவாத்தியங்களையே முன்னிறுத்திக் கச்சேரி செய்தவர்கள். பெங்களூர் கே. வெங்கட்ராம் வளர்த்த பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சென்டரும் தாளக் கலைஞர்களை கௌரவிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டது. 1983-இல் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ அந்தக் கல்லூரிக் குழுவோடு சேர்ந்து 'ஜோதி' என்ற தட்டை வெளியிட்டார். ஆர்.ஏ. ரமாமணியின் குரல், மணியின் மிருதங்கம்; உறையில் மரியானோவின் பெயருக்குப் பக்கத்திலேயே பெங்களூர்க் கல்லூரியின் பெயர். வெளியிட்டதும் 'மேக்கிங் மியூசிக்'கை வெளியிட்ட அதே ஈ.சி.எம். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் கிடையாது. எண்பதுகளில் இந்தியத் தாளக் கலைஞர் பக்கவாத்திய நிலையிலிருந்து உறையின் முகப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார் என்பதற்கு இரண்டு தட்டுகளும் சாட்சி, அவ்வளவே.

சக்தியே இந்த நகர்வின் பெரிய பட்டறை. வயலினில் எல். சங்கர், கடத்தில் விக்கு விநாயக்ராம், முதல் தட்டில் மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன்: ஐவரில் மூவர் தென்னகத்துக்காரர்கள், மூவர் தாளக்காரர்கள். சபா மேடையில் பின்வரிசைக்குப் போகிற கடம் இங்கே தபலாவுக்குச் சமமாகப் பேசியது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற மெக்லாஃப்லினுக்கு நம் மேடையின் படிநிலை தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே அதைக் கலைத்தார். அப்படிப்பட்ட ஒருவர் மைல்ஸிடம் கற்ற பெயர் சூட்டும் வழக்கத்தைத் தபலாக்காரருக்குப் பயன்படுத்தும்போது, அது வெறும் ஜாஸ் பழக்கமாக நிற்பதில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: ஜாஸ் தலைப்புகளுக்கு இவ்வளவு எடை கொடுக்கக் கூடாது. ஒலிப்பதிவு முடிந்து உறை அச்சாகும் நேரத்தில் வாய்க்கு வந்ததை வைப்பார்கள். விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி ஒரு மெட்டு வாசித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் என்று சொல்லலாம். 'மேக்கிங் மியூசிக்'கை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் விருந்துக்காக வைத்த பெயரை விருந்து முடிந்த பிறகு யாரும் சுமந்துகொண்டு திரிவதில்லை. ஜாகிரே இல்லாத, இந்திய இசையோடு தொடர்பே இல்லாத ஒரு பியானோப் பதிவிலும் மெக்லாஃப்லின் பெயரை மாற்றவில்லை. அதோடு, 'மேக்கிங் மியூசிக்'கின் மற்றத் தலைப்புகளைப் பாருங்கள்: 'டோனி' என்று ஒன்று, 'அனிசா' என்று ஒன்று. முதலாவது ஜாகிரின் மனைவி, கதக் கலைஞர் அன்டோனியா மினெக்கோலாவை வீட்டில் அழைக்கும் பெயர். அடுத்தது மகளின் பெயர். மனைவி, மகள் பெயர்கள் நிற்கும் அந்தப் பட்டியலில், அவருடைய பெயரை மட்டும் இன்னொருவர் வந்து எழுதிச் சேர்த்திருக்கிறார். தன் பெயரைத் தானே பாட்டுக்கு வைத்துக்கொள்ள முடியாதல்லவா.

இன்னொரு மறுப்பு, அப்போது சக்தி என்ற குழுவே இல்லையே, இது எப்படி ஒரு குழுவின் காணிக்கை ஆகும் என்பது. நியாயம்தான். 1986-இல் இது ஒரு நண்பரின் காணிக்கை. 1997-இல்தான் குழுவின் காணிக்கை. அந்தக் கச்சேரிகளில் எல். சங்கரின் இடத்தில் சௌராசியா இருந்தார். ஆஸ்லோவில் இந்த மெட்டை வாசித்த மூன்று பேர் அப்படியே இருக்க, விக்கு சேர்ந்துகொண்டார். கலைந்த குழு திரும்பக் கூடியபோது, கலைந்திருந்த காலத்தில் பிறந்த ஒரு மெட்டைக் கூடவே எடுத்து வந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இனிமேல்தான். தபலா மேதைக்கு மெட்டமைப்பவர் என்ன செய்வார்? ஏழரை, பதினொன்று என்று சிக்கலான தாளக்கட்டில், மின்னல் வேகத்தில் ஒன்றைச் செய்வார் என்றே எதிர்பார்ப்போம். சக்தியின் புகழே அதில்தானே இருக்கிறது. மெக்லாஃப்லின் நேர்மாறாகச் செய்தார். இது பாடக்கூடிய மெட்டு, அவசரமே இல்லாதது. 1990-இன் பதிவில் தாளக் கருவி எதுவுமே கிடையாது. கிதாரும் பியானோவும் மட்டும். இதை அலட்சியம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஜாகிரின் இடது கையைக் கவனித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். தபலாவின் வலது முழவு சுருதியில் கட்டுண்டது. இடதான பாயான் அப்படியல்ல. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோல்மேல் அழுத்தி முன்னால் நகர்த்தினால் நாதம் வளைந்து ஏறும்; தளர்த்தினால் இறங்கும். ஜாகிர் அந்த வளைவை வைத்தே ராகத்தின் சாயலைக் காட்டுவார். தோற்கருவி அவர் கையில் குரலாகிவிடும். பக்கத்திலிருந்து அதைப் பல்லாண்டு கேட்டவர் அவரிடம் கண்டது கணக்கை அல்ல, பாட்டை. அதைச் சொல்லவே மெட்டைப் பாட்டாக அமைத்தார் என்பது என் வாசிப்பு.

இரங்கல் இசை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதே குழுவின் பின்னாளைய தட்டொன்றைக் கேட்கலாம். சக்தி பொன்விழாப் பயணமாக 2023 ஜனவரியில் பெங்களூரு உள்ளிட்ட நகரங்களுக்கு வந்தது. ஜூன் மாதம் 'திஸ் மொமென்ட்' வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கு கிராமி கிடைத்தது. அதன் முதல் படைப்பு 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் 45 வயதில் மறைந்த, முன்பு இந்தக் குழுவில் வாசித்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாசுக்கான காணிக்கை அது. அந்தத் தட்டில் மாண்டலின் கிடையாது; அவர் இடத்தில் மீண்டும் வயலின், கணேஷ் ராஜகோபாலன் கையில். அந்த இடம் காலியானதை அறிந்தே அவர்கள் வாசிக்கிறார்கள். 'ஜாகிர்' அந்த ரகம் அல்ல. அதன் மூன்று பதிவுகளில் இரண்டில் உரியவரே உட்கார்ந்து வாசிக்கிறார். மூன்றாவதில் அவர் இல்லாதது இழப்பால் அல்ல, இசையமைப்பாளரின் தேர்வால். ஆகவே இந்த மெட்டைப் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு நான் சொல்வது, ஆஸ்லோ பதிவிலிருந்தோ 1997 கச்சேரியிலிருந்தோ தொடங்க வேண்டாம் என்பதுதான். கிதாரும் பியானோவும் மட்டுமுள்ள 1990 பதிவை முதலில் கேளுங்கள். அதன் பிறகு மற்ற இரண்டில் அந்த இடது கை எப்போது உள்ளே வருகிறது என்று கவனியுங்கள்.