தொட்டால் அவுட்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே திருப்பூர் காலியாகத் தொடங்கிவிடும். போனஸ் வாங்கிய கையோடு ஒரு கூட்டம் தேனி, மதுரை, திருநெல்வேலி பஸ்களில் ஏறும். பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு படுத்துக் கிடப்பார்கள். பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் மூடியிருக்கும். பொங்கலுக்கும் அதே கதைதான், நாட்கள்தான் கொஞ்சம் குறைவு. சுற்றியுள்ள காலனிகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் போவதற்கு வேறு ஊர் கிடையாது. இதுதான் எங்கள் ஊர். (ஊர் என்று சொல்லலாமா என்பது தனி விவாதம். ஊர் ஒரு ஸ்டாப், காலனி இன்னொரு ஸ்டாப் என்றுதானே பஸ் கண்டக்டரும் கூவுகிறார்!)

அந்த விடுமுறை நாட்களில் எங்கள் மாலைநேரப் பயிலகத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவது வழக்கம். கையில் காசு இருக்காது. இருப்பதில் மலிவான விளையாட்டுச் சாமான் பிளாஸ்டிக் கப்தான். எங்களிடம் ஒரு சாக்குப்பை நிறைய இருக்கிறது. தடைக்கு முந்தைய காலத்தில் கல்யாணத்திலும் காதுகுத்திலும் மிஞ்சியவை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கழுவிக் காயவைத்து எடுப்போம். ஒருமுறை குடித்துவிட்டு எறியச் செய்த பொருள் எங்கள் காலனியில் பத்து வருடம் உழைக்கிறது.

விளையாட்டுகள் எளிமையானவை. பத்துக் கப்பைக் கோபுரமாக அடுக்கி, பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டிய பந்தால் அடிப்பது ஒன்று. வேஸ்ட் துணிக்கு இங்கே பஞ்சமே கிடையாது. எந்தக் கலரில் பந்து வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டு வாங்கும் அளவுக்கு உண்டு. இன்னொன்று, எலாஸ்டிக் துண்டை வளையமாகத் தைத்து, அதில் நான்கு நூல் கட்டி, நான்கு பேர் நான்கு பக்கம் இழுத்து, வளையத்தை விரித்துக் கப்பின் மேல் மாட்டித் தூக்கி அடுக்குவது. கப்பைக் கையால் தொடக்கூடாது. ஒருவர் கூடுதலாக இழுத்தாலும் கப் சரிந்துவிடும். சண்டைக்காரப் பையன்கள் நான்கு பேரை ஒரே அணியில் போட்டால் இந்த விளையாட்டு அவர்களைப் பழக்கிவிடும். புதிதாகப் பயிலகம் தொடங்கும் தோழர்கள் இதை முயன்று பாருங்கள்.

நாங்கள் சொல்ல வந்தது மூன்றாவது விளையாட்டைப் பற்றி. அதைப் பிள்ளைகளே செல்போனில் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு ஆபீஸ் பார்ட்டியில் ஆடியது. ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் பக்கெட்டில் கப்பை முக்கி, திரும்பிப் பார்க்காமல், தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் இருப்பவரின் கப்பில் ஊற்ற வேண்டும். அவர் அடுத்தவருக்கு. கடைசி ஆள் சொம்பில் ஊற்றுவார். எந்த அணியின் சொம்பு முதலில் நிறைகிறதோ அது ஜெயித்தது. ஒரு விதி உண்டு. ஊற்றும் கப் வாங்கும் கப்பின் மேல் படக்கூடாது. தொட்டால் அவுட்.

பாதி ஆட்டத்தில் பிள்ளைகள் நனைந்து கத்திக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவ்வா, "இதென்ன கண்ணு வெளையாட்டு, எங்களுக்குத் தண்ணி ஊத்துனாப்பலயே இருக்குது" என்றார். (எங்கள் பகுதி அருந்ததியர் வீடுகள் பலவற்றில் இன்னும் தெலுங்கு புழங்குகிறது. பாட்டி எங்களுக்கு அவ்வா.)

ஏழாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி விடவில்லை. "ஏன் அவ்வா, பட்டா என்ன ஆகும்?"

தீட்டு என்று அவ்வா சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. "சொம்பு நம்ம கையில பட்டுட்டா மிச்சத் தண்ணியக் கீழ கொட்டிருவாங்க. அப்புறம் நமக்குத் தண்ணி கெடைக்காது" என்றார். பருத்தி எடுக்கப் போன காட்டில், வெயிலில், இரண்டு கையையும் குவித்துக் குனிந்து நின்று, மேலிருந்து விழும் தண்ணீரைக் குடித்த கதை அதற்குப் பிறகு வந்தது. டீக்கடையில் கொட்டாங்குச்சி. பிறகு, வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர். குடித்ததும் தானே கழுவித் திருப்பி வைக்க வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, பலகையில் வைக்க வேண்டும்.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்த தோழர்களுக்கு இது புதிதல்ல. பியூன் வந்து ஊற்றினால்தான் அந்தச் சிறுவனுக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். அதே சிறுவன் வளர்ந்து 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கையால் அள்ளியதுதான் அந்தப் போராட்டமே. யாரும் ஊற்றவில்லை.

சட்டம் வராமலும் இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் தடுப்பதை விலக்கியது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பாத்திரம் என்றே சொல்கிறது, கவனியுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களை மறுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. கொங்குப் பகுதியில் ஆதித்தமிழர் பேரவை, பெரியார் திராவிடர் கழகம், தீண்டாமை ஒழிப்பு முன்னணி, இடதுசாரிகள் எல்லாம் இரட்டைக் குவளைக்கு எதிராக இறங்கிப் போராடினார்கள். அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் கடைக்காரர் பயப்படும் நிலை வந்தது.

அந்த நேரத்தில்தான் பிளாஸ்டிக் கப் கைகொடுத்தது. யாருக்கு? கடைக்காரருக்கு.

இரண்டு டம்ளர் இருந்தால் அது சாட்சி. போட்டோ எடுக்கலாம், பறிமுதல் செய்யலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம். எறியும் கப்புக்குச் சாட்சி எங்கே? "சுத்தத்துக்காகத் தர்றமுங்க", "பார்சல்னு நெனச்சேனுங்க", "கிளாஸ் உடைஞ்சு போச்சுங்க." எந்தப் பதிலும் பொருந்தும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் கையில் கண்ணாடிக் கிளாஸ் இருக்கும், நாம் போனதும் கை தானாகக் கப் அடுக்குக்குப் போகும். ஒரு வார்த்தை பேசப்படாது. வசவு கிடையாது, விரட்டல் கிடையாது, சிரித்த முகம்கூட இருக்கும். கொட்டாங்குச்சி கொடுத்தவன் தன் சாதியை வெளியே காட்டினான். கப் கொடுக்கிறவன் சுகாதாரம் பேசுகிறான். இதை எழுதும் எங்களில் சிலர் இளநிலை முடித்தவர்கள், வழக்கறிஞர்கூட ஒருவர் இருக்கிறார். ஊர் முக்கில் இருக்கும் அந்தக் கடையில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கப்தான்.

அந்தக் கப் பிறகு எங்கே போகிறது என்றும் பாருங்கள். நம் வாய் பட்டதைக் கடைக்காரர் கழுவ வேண்டாம் என்பதற்காகக் கொடுத்த கப், குடித்ததும் சாக்கடை ஓரம் விழுகிறது. விடிகாலையில் அதைக் குனிந்து பொறுக்குவது யார்? மேற்கு மாவட்டங்களில் துப்புரவு வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் சாக்குப்பையில் இருக்கும் கப்புகளைக் கழுவித் தந்த அம்மாக்களில் இரண்டு பேர் அந்த வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் கழுவிக்கொண்டே, "இதுலயாவது நாமளே விளையாடறோம்" என்று சிரித்தார்.

திருப்பூருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பண்ணையத்து வேலையிலிருந்து எங்கள் அப்பா அம்மாக்களை வெளியே இழுத்தது பனியன் கம்பெனிதான். கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்த காலத்தில் சாதி கேட்க அங்கே நேரம் இல்லை. டவுனில், பஸ் நிலையத்துப் பக்கம், எந்தக் கடையிலும் கண்ணாடிக் கிளாஸில் டீ. நமக்கு முன்னால் யார் குடித்தார், நமக்குப் பின்னால் யார் குடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே பெரிய விடுதலை. ஆனால் ராத்திரி ஒன்பதுக்குக் கம்பெனி வேன் பத்து கிலோமீட்டர் தள்ளி ஊர் முக்கில் இறக்கிவிடுகிறது. காலையில் கிளாஸில் குடித்த அதே ஆள், அதே பத்து விரல்கள், இப்போது கப். பகலெல்லாம் அந்தக் கை தைத்த சட்டையை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறார்கள்!

இது டீக்கடை விஷயம் மட்டும்தான் என்று நினைக்கும் மாணவத் தோழர்கள் 2018 ஜூலையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இதே மாவட்டத்தில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க ஒரு அருந்ததியர் பெண் வந்தார் என்பதற்காக ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளிக்கு எதிராகத் திரண்டார்கள். இங்கே வாங்கிக் குடிக்கும் கை அல்ல, ஊற்றிக் கொடுக்கும் கை பிரச்சினையானது. போராடிய பிறகுதான் வழக்குப் பதிவானது. அந்தப் பள்ளியின் தட்டுகளிலும் டம்ளர்களிலும் எல்லாப் பிள்ளைகளும் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

அடுத்த வருடம் இன்னொன்று நடந்தது. தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஆணையிட்டு, 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாவற்றையும் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசும் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடை செய்தது. அந்தப் பட்டியலிலும் கப் உண்டு. சுற்றுச்சூழல் தோழர்கள் வரவேற்றார்கள், நாங்களும் வரவேற்றோம். எங்கள் மகிழ்ச்சிக்குக் கூடுதலாக ஒரு காரணம். கப் போனால் கடைக்காரர் மறுபடி டம்ளரை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். அந்த ஜனவரியில் சில வாரங்கள் எங்கள் ஊர் முக்கில் எல்லாருக்கும் ஸ்டீல் டம்ளரே வந்தது. பிறகு ரெய்டு குறைந்தது, கப் திரும்பி வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது அது தலை நிமிர்ந்து நின்றது. எல்லாருக்கும் கப் என்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கொரோனா போன பிறகு பெஞ்சுக்குக் கிளாஸ் திரும்பியது, நமக்குத் திரும்பவில்லை. கணக்கு அதுதான்.

ஆகவே கிராமங்களில் ஆய்வுக்குப் போகும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். "இங்கே இரட்டைக் குவளை இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. கடைக்கு எதிரில் அரைமணி நேரம் உட்காருங்கள். யார் கையில் கிளாஸ், யார் கையில் கப், யார் உட்கார்ந்து குடிக்கிறார், யார் ரோட்டில் நின்று குடிக்கிறார் என்று எழுதுங்கள். பிறகு நீங்களே போய் "அண்ணா, கிளாஸ்ல குடுங்க" என்று கேளுங்கள். ஒரு நாள் கேட்டால் தற்செயல் என்பார்கள். வேறு வேறு ஆட்களாக ஒரு வாரம் கேளுங்கள், தேதியும் நேரமும் குறியுங்கள், காலனிக்காரர் ஒருவரும் வெளியாள் ஒருவரும் சேர்ந்தே போங்கள். சட்டத்தில் "பாத்திரம்" என்று இருக்கும் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்க இப்படித்தான் சாட்சி சேர்க்க வேண்டியிருக்கிறது. காலனிக்காரர் அதே ஊரில்தான் நாளைக்கும் இருக்கப்போகிறார், வேலைக்கும் பாலுக்கும் அந்த ஊரைத்தான் நம்பியிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். அவர் சம்மதிக்காமல் அவர் பெயரில் எதையும் செய்யாதீர்கள்.

விளையாட்டுக்கு வருவோம். அவ்வா சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். நாங்கள் ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானோம் என்பது உண்மை. அதற்கு அவசியம் இல்லாமல் போனது. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையே விதியை மாற்றினாள். "இனிமே கப்பு கப்புல பட்டாத்தான் கணக்கு. படாம ஊத்துனா அவுட்டு." பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அது சுலபமாகிவிடும், அப்புறம் என்ன போட்டி என்றார்கள். ஓட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் ஒன்பதுக்கு ஆறு என்று ஜெயித்தார்கள்.

சுலபமாக ஆகவில்லை. பின்னால் பார்க்காமல் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் அடுத்தவர் கப்பைத் தேடிக் கண்டுபிடித்து விளிம்போடு விளிம்பு வைப்பது லேசான வேலை அல்ல. "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று பின்னால் இருப்பவர் வழி சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தண்ணீர் குறைவாகச் சிந்தியது. முதல் ஆட்டத்தில் பாதிகூட நிறையாத சொம்பு இரண்டாவது ஆட்டத்தில் வழிந்தது.

ஜெயித்த அணி அந்தச் சொம்பை அவ்வாவிடம் கொண்டுபோய் நீட்டியது. அவ்வா வழக்கம்போல அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். "வாய் வெச்சுக் குடி அவ்வா, ஒண்ணும் ஆகாது" என்று ஏழெட்டுக் குரல்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மிச்சத்தைத் திண்ணையோரத்து முருங்கைக்கு ஊற்றினார். "பக்கெட்டுத் தண்ணி, நீங்க பூரா கையை விட்டு அளஞ்சது. நான் குடிச்சதே பெருசு" என்றார்.

வரும் பொங்கலுக்கு ஸ்டீல் டம்ளர் வாங்கலாம் என்று பேச்சு. இருபது வேண்டும். கப் கோபுரத்துக்கு மட்டும் சாக்குப்பை இருக்கட்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், ஸ்டீல் டம்ளர் சரிந்தால் சத்தம் அதிகம், பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார்கள்.