கறள் ஏறிய கார்

விழா மலருக்குக் கல்லூரி நினைவொன்றை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். அத்தகைய நினைவுகளை எம்மினும் திறம்பட எழுதவல்லார் பலர் இம்மலரிலே எழுதியிருப்பர். ஆகையால், ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் மூவரின் துணையோடு எமது வளவிலே நாம் ஈடுபட்ட ஒரு வேலையைப் பற்றிச் சொல்லத் துணிந்தோம். பேனா பிடித்துப் பழகிய கை ஸ்பனர் பிடித்த கதை இது. பிழைகளை அன்பர்கள் பொறுத்தருள்க.

எமது தந்தையார் இக்கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர். 1958ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000 ஒன்றை 1964இல் ஒரு வைத்தியரிடமிருந்து கடன்பட்டு வாங்கினார். அந்நியச் செலாவணி நெருக்கடியால் அக்காலத்திற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உள்ள காரைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் வகை அது. எமது காரின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றரே. ஆயினும் நல்லூர்த் தேரன்று எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு முணுமுணுக்காமற் போகும். திரும்பும் திசையைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று எழும். அதைக் கண்டால், "சேர் கை உயர்த்துகிறார், விடை தெரியும்போலும்" என்று மாணவர் தமக்குள் நகைப்பதுண்டு. நாமும் நகைத்தோம், வீட்டிற் சொல்லவில்லை.

1990இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தை அறிந்தவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவர். வெண்புகை கக்கிக்கொண்டு கார் போகும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும்; வால்வுகளிற் கரி படியும். தந்தையார் இதை நன்கறிவார். அறிந்தும் ஓட்டினார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழை வேறு. பாரிசவாதத்தால் நடக்கவியலாதிருந்த பாட்டியாரைப் பின்னாசனத்திற் கிடத்தி நாமும் புறப்பட்டோம். இரண்டு கலன் மண்ணெண்ணெய்க் கானைச் சுமந்து நடந்து வருமாறு எமது நண்பரொருவரிடம் தந்தையார் ஒப்படைத்தார். நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் எஞ்சின் நின்றது. கானைக் கேட்டோம், அது வெறுமையாயிருந்தது. வழியிலே, பிரசவ வேதனையிலிருந்த பெண்ணொருத்தியை ஏற்றிய உழவு இயந்திரம் எண்ணெயின்றி நின்றதைக் கண்டு, நண்பர் அதற்கு ஊற்றிவிட்டார். விடியும்வரை காரைத் தள்ளினோம்; அவரும் தோள் கொடுத்துத் தள்ளினார். பாட்டியார் மழைநீரில் நனைந்து காய்ச்சல் கண்டு, மூன்றாம் வாரம் மீசாலையிற் காலமானார். தந்தையார் அந்நண்பரை ஒரு சொல்லேனும் கடிந்ததில்லை. ஆனால் அவர் வணக்கம் சொன்னால் மறுவணக்கம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது காரை உழவு இயந்திரத்திற் கட்டி இழுத்து வந்து கிடுகுக் கொட்டிலில் விட்டோம். அங்கேயே கிடந்தது. கோழி அதனுள் அடைகாத்தது. பழைய இரும்பு வாங்குவோர் படலைக்கு வந்தபோதெல்லாம் தந்தையார் கையசைத்து அனுப்பிவிடுவார். அவருக்குத் தொண்ணூறு வயது நிறைந்த ஆண்டில், அவர் இருக்கும்போதே இதை ஓடவைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், மின்வேலை அறிந்தவர் ஒருவர் ஆகிய இரு நண்பர் முன்வந்தனர். மூன்றாமவரை நாம் அழைக்கவில்லை. கொக்குவிலில் வெல்டிங் பட்டறை நடத்தும் அவர், செய்தி கேள்வியுற்றுத் தாமே ஒரு ஞாயிறு காலை சாமான்களோடு வந்து நின்றார். கானை ஊற்றியவர் அவரே.

அவர் வராதிருந்தால் வேலை நடந்திராது. இவ்வகைக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். எனவே கதவின் கீழ்ப்பகுதியும் அடித்தளமும் கறள் தின்றால் கார் நடுவில் மடியும். எமது காரிலோ சுத்தியலால் தட்டிய இடமெல்லாம் பப்படம்போல் நொறுங்கியது. கதவுகளை மாட்டியபடியே அடியில் மரக்குற்றிகளை முண்டுகொடுத்து, ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டிய பின்னரே மறுபக்கத்தைத் தொட்டார். இல்லாவிடிற் கதவு பின்பு பொருந்தாதாம். பிறேக்கின் தலைமைச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருந்தது. அதைக் கழற்ற இரு ஞாயிறுகள் கழிந்தன. இதை அங்கே வைத்த மேதையைப் பற்றி வங்கி நண்பர் சொன்னதை மலரில் எழுதலாகாது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் துவாரங்களின் வழியே டீசல் ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஊறவிட்டுக் கைத்தண்டாற் சுற்றியபோது, மயிரிழையளவு அசைந்தது. தலைப்பகுதியைத் திறந்தால் மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி தடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, வால்வுகளை அரைத்துப் பதித்து, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டாக வைத்தோம். உதவிக்கு வந்த இளைஞன் பற்றரியை மாறிப் பூட்ட முனைந்தான். இக்காரில் நேர்முனையே உடலோடு இணைவது. அவன் காலத்துக் கார்களில் மறுதலை. மின்வேலை நண்பர் ஓடிச்சென்று கையைப் பிடித்தார்.

தந்தையார் விறாந்தையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். நண்பர் ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்வார். பதில் வராது. தேநீர் மட்டும் நான்கு பேருக்கும் தவறாது வரும். எட்டாம் மாதம் ஒரு காலை, திறப்பைத் திருகியதும் பெற்றோல் பம்பி 'டிக், டிக்' என்று அடிக்கத் தொடங்கிற்று. தந்தையார் அவ்வொலி கேட்டுத் தடியை ஊன்றிக் கொண்டு தாமாகவே இறங்கி வந்து, முன்னாசனத்தில் ஏறியமர்ந்தார். சாரதி ஆசனத்தில் இருந்தவர் அந்நண்பர்.

"எண்ணெய் முழுக்க விட்டனியோ?"

"முழுக்க விட்டிருக்கு, சேர்."

"நாவற்குழிப் பாலத்தடிக்குப் போ."

பின்னாசனத்தில் மூவரும் வாய்திறவாது இருந்தோம். பாலத்தடியிற் காரை நிறுத்தச் சொன்னார். கடனீரேரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை தப்பினதோ?"

"ஆம்பிளைப் பிள்ளை எண்டு பிறகு கேள்விப்பட்டனான், சேர். தாயும் சுகம்."

தந்தையார் தலையசைத்தார். "வெயில் ஏறுது. காரைத் திருப்பு" என்றார்.