டார்லிங்டனில் ஒரு சனிக்கிழமை

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கே, தென் கரோலைனா மாநிலத்திலே, டார்லிங்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. உலகப் படத்தில் அதனைத் தேடுவோர் எளிதிற் கண்டுகொள்ளமாட்டார். சுற்றிலும் மணற்பாங்கான வயல்கள். வயல்களுக்கப்பால் பைன் மரக்காடுகள். பருத்தியும் புகையிலையும் விளைந்த பூமி. ஆண்டின் பெரும்பகுதியில் அமைதியே உருவாய்க் கிடக்கும் இவ்வூர், செப்டெம்பர் மாதத்து முதற் திங்கட்கிழமையாகிய தொழிலாளர் தினத்தை ஒட்டிய வார இறுதியில் மட்டும் பெரும் பட்டணமாய் மாறிவிடுகின்றது. அந்த ஞாயிறன்றுதான் அங்கே 'சதர்ன் 500' என்னும் ஐந்நூறு மைல் மோட்டார்க் கார்ப் பந்தயம் நடைபெறுகின்றது.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் சார்லற் நகரிற் சில நாட்கள் தங்கியிருந்தோம். அங்கே பொறியியலாளராகப் பணியாற்றும் எம் பழைய மாணவர் ஒருவர், "சேர், வானளாவிய கட்டடங்களைப் படத்திலும் பார்க்கலாம். இந்த நாட்டுக் கிராமத்து மனிதரைப் பார்க்கவேண்டுமானால் என்னோடு டார்லிங்டனுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். மோட்டார்ப் பந்தயம் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் இயல்புடையோம் நாம். ஆயினும் மாணவனின் ஆர்வத்தை மறுக்க மனம் வரவில்லை. பந்தயத்துக்கு முதல் நாளாகிய சனிக்கிழமை காலையிற் புறப்பட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தின் பின் அவ்விடத்தை அடைந்தோம்.

மீனுக்காக வளைந்த பாதை

நகருக்கு மேற்கே நெடுஞ்சாலையின் ஓரமாக அமைந்திருக்கின்றது அப்பந்தயத் திடல். முதற் பார்வையிலேயே ஒன்று எம் கண்ணை உறுத்தியது. இத்தகைய பாதைகள் பெரும்பாலும் இரு முனையும் ஒத்த நீள்வட்டமாக இருக்கும். டார்லிங்டன் பாதையோ கோழி முட்டை போன்றது. ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் கிடக்கின்றது. இதற்கொரு கதை உண்டு.

ஹரோல்ட் பிரசிங்ரன் என்பவர் இவ்வூர்க்காரர். 1933இல் இந்தியானாபொலிஸ் நகரிற் புகழ்பெற்ற 500 மைற் பந்தயத்தைக் கண்டு வந்தார். அன்று முதல் அதுபோன்ற ஒன்று தம் ஊரிலும் வேண்டும் என்னும் எண்ணம் அவரை விடவில்லை. ஷேர்மன் ராம்சி என்பாரிடமிருந்து பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த நிலத்தை வாங்கி, 1949இல் மண்ணை வெட்டத் தொடங்கினார். ராம்சி ஒரேயொரு நிபந்தனை விதித்தார். நிலத்தின் ஒரு புறத்தே தூண்டில் இரைக்கான சிறு மீன்கள் வளரும் குளம் ஒன்று இருந்தது. அதனைத் தொடக்கூடாது என்றார். பிரசிங்ரன் கொடுத்த வாக்கைக் காத்தார். குளம் தப்பியது, அதற்கு இடம்விட்டுப் பாதையின் ஒரு முனை ஒடுங்கியது.

அந்தச் சின்னஞ்சிறு மீன்களுக்காகச் செய்த ஒப்பந்தம், எழுபத்தைந்து ஆண்டுகளாக வீரர்களைத் திணற வைக்கின்றது. இரு முனையும் வேறுவேறாயின், ஒரு முனைக்கு ஏற்றவாறு சீர்செய்த கார் மறுமுனையில் முரண்டு பிடிக்கும். அகன்ற முனையின் சாய்வு 25 பாகை. ஒடுங்கிய முனையின் சாய்வு 23 பாகை. ஒரு சுற்று 1.366 மைல். வளைவுகளிலே வேகமாகச் செல்லவேண்டுமாயின் வெளிமதிலை உரசும் அளவிற்கு நெருங்கி ஓட்டவேண்டும். உரசிய காரின் வலப்புறத்திற் படியும் கோட்டினை 'டார்லிங்டன் கோடு' என அழைப்பர். அக்கோடு இல்லாத கார் சரியாக முயலவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுமுண்டு.

முதற் பந்தயம் தந்த பாடம்

1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி இங்கே முதற் பந்தயம் நடைபெற்றது. 75 கார்கள் மூன்று மூன்றாக அணிவகுத்து நின்றன. அக்காலத்தில் 'ஸ்ரொக் கார்' என்றால் கடையில் விற்கும் அதே கார்தான். ஊரவர் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓட்டும் வண்டி. ஜொனி மான்ற்ஸ் என்பவர் சிறியதொரு பிளிமத் காரோடு வந்தார். வலிய கார்களின் நடுவே அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பந்தயம் தொடங்கியதும் வேகமாய்ப் பாய்ந்த கார்களின் ரயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. மீண்டும் மீண்டும் நின்று சில்லு மாற்றினார்கள். மான்ற்ஸோ லொறிகளுக்குரிய கடினமான ரயர்களைப் பூட்டியிருந்தார் என்பர். அவர் மெல்லச் சென்றார்; நில்லாமற் சென்றார். ஆறரை மணி நேரத்திற்கும் மேலாக நீடித்த பந்தயத்தின் முடிவில், இரண்டாவதாக வந்தவரை ஒன்பது சுற்றுகள் பின்னால் விட்டு வெற்றி பெற்றார்.

இன்றைய கார்கள் பெயரளவிலேயே 'ஸ்ரொக்' கார்கள். வெளித்தோற்றம் மட்டும் ஷெவ்ரலே, போர்ட், ரொயோற்றா ஆகியவற்றின் சாயலில் இருக்கும். உள்ளே யாவும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை. எனினும் மான்ற்ஸ் கற்பித்த பாடம் மாறவில்லை. டார்லிங்டனின் தார்ப்பாதை சொரசொரப்பானது. அரத்தாற் தேய்ப்பது போல ரயரைத் தின்றுவிடும். புதிய ரயரோடு முதலிரு சுற்றுகள் பறந்தவர், பத்துப் பதினைந்து சுற்றுகளின் பின் தளர்ந்து போவார். எப்போது உள்ளே வந்து ரயர் மாற்றுவது, எவ்வளவு பொறுத்திருப்பது என்பதே இங்கு மூளைக்கு வேலை. மாற்றும் வேலையை ஐவர் பத்துச் செக்கனுக்கும் சற்றுக் கூடிய நேரத்திற் செய்து முடிக்கின்றனர்.

எமக்கு அருகிலே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். முகமெல்லாம் வெயிலிற் சிவந்திருந்தது. சிறு வயதிற் தகப்பனாரின் தோளில் இருந்து இப்பந்தயத்தைப் பார்க்கத் தொடங்கினாராம். நாம் புதியவர் என்பதை அறிந்து, காதுக்கு அடைப்பான் இரண்டு தந்தார். "வேகக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் ஐயா. இந்த ஊரிற் பொறுமைக்காரர் வேண்டும்" என்றார். பள்ளி ஆசிரியருக்கு இதைவிட இனிய வாக்கு வேறென்ன!

கணக்கும் கலக்கமும்

அந்தச் சனிக்கிழமையின் பரபரப்புக்குத் தனிக் காரணம் இருந்தது. நாஸ்கார் என்னும் அமைப்பு நடத்தும் முதல்தரப் போட்டித் தொடரில் ஓராண்டுக்கு 36 பந்தயங்கள். 2024இல் நிலவிய விதிப்படி, முதல் 26 பந்தயங்களும் வழமைப் பருவம். அதன்பின் 16 வீரர் மட்டும் பட்டத்துக்குரிய இறுதிக் கட்டத்திற்குச் செல்வர். அவ்வாண்டு டார்லிங்டன் பந்தயமே இருபத்தாறாவது. மறுநாட் பொழுது சாய்ந்தால் கதவு அடைபடும். ஆண்டிறுதித் தேர்வுக்கு முதல் நாள் மாணவர் முகங்களிற் காணும் அதே கலக்கத்தை அங்கே கண்டோம்.

ஒரு பந்தயத்தில் வென்றவருக்கு இடம் உறுதி. எஞ்சிய இடங்கள் புள்ளிக் கணக்கில் நிரப்பப்படும். முந்திய வாரம் டேற்றோனாவில் நடந்த பந்தயத்திலே ஹரிசன் பேர்ட்டன் என்னும் இளைஞர், புள்ளிப் பட்டியலில் 34ஆம் இடத்தில் இருந்தவர், எதிர்பாராது வென்று உள்ளே புகுந்துவிட்டார். ஆகவே புள்ளியால் நிரப்பத்தக்க இடங்கள் மூன்றாகச் சுருங்கின. மார்ட்டின் ட்ரூஎக்ஸ், ரை கிப்ஸ், கிறிஸ் பியூஷர் ஆகிய மூவரும் கோட்டுக்கு மேலே. பப்பா வொலஸும் றொஸ் சஸ்ரெயினும் கோட்டுக்குக் கீழே. கோட்டுக்கு மேலே நின்றோருக்கும் நிம்மதி இல்லை. அவ்வாண்டு வெல்லாத ஒருவர் புதிதாக வென்றால், மூன்றாவது இடமும் பறிபோகும்.

நண்பகலில் தகுதிகாண் ஓட்டம் நடைபெற்றது. ஒவ்வொரு காரும் தனித்தனியே ஓடி, ஏறக்குறைய 29 செக்கனில் ஒரு சுற்றை முடித்தது. முதலிடம் பெற்றவர் வொலஸ். திடலெங்கும் ஆரவாரம் எழுந்தது. அந்த ஆரவாரத்தை நாம் சற்று உற்றுக் கேட்டோம். வொலஸ் கறுப்பினத்தவர், அத்தொடரில் முழு நேரமாக ஓட்டிய ஒரே கறுப்பின வீரர். தென் மாநிலங்களின் இத்திடல்களிலே, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பினரின் கொடி நெடுங்காலம் பறந்தது. 2020இல் அதனை நீக்க வேண்டுமென வொலஸ் வெளிப்படையாகக் கேட்டார். அதே மாதத்தில் அமைப்பு அதனைத் தடை செய்தது. 1963இல் வென்டெல் ஸ்கொற் என்னும் கறுப்பின வீரர் ஜக்சன்வில்லில் வென்றபோது, வெற்றிக் கிண்ணம் வேறொருவர் கையிற் கொடுக்கப்பட்டது. கூட்டம் கலைந்து சென்ற பின்னரே வெற்றி அவருடையது என ஒப்புக்கொண்டனர். இவற்றை எண்ணியபோது, அன்று வொலஸுக்காக எழுந்த கரகோஷம் எமக்கு வெறும் ஓசையாகப் படவில்லை.

மூடப்படும் கடையின் கார்

மாலையில் எம் மாணவர், 14ஆம் இலக்கக் காரைச் சுட்டிக் காட்டினார். ஓட்டுபவர் சேஸ் பிறிஸ்கோ. அவர் சார்ந்த ஸ்ருவட்-ஹாஸ் அணி, அவ்வாண்டு முடிவோடு மூடப்படும் என மே மாதத்திலேயே அறிவித்துவிட்டது. பிறிஸ்கோவுக்கு அடுத்த ஆண்டுக்கு வேறிடம் கிடைத்திருந்தது. காரைக் கட்டியவர்கள், எஞ்சின் பொருத்தியவர்கள், சில்லு மாற்றியவர்கள் எனப் பணியாற்றிய நூற்றுக்கணக்கானோரிற் பலருக்கோ அடுத்த ஆண்டு எங்கே என்பது தெரியாத நிலை. ஆயினும் அவர்கள் குனிந்த தலை நிமிராது அந்தக் காரோடு போராடிக்கொண்டிருந்தனர். "சேர், வேலை போகிறது என்று தெரிந்த பிறகும் இப்படிச் செய்வார்களா?" என்று எம் மாணவர் கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. ஓய்வு பெறும் ஆண்டிலும் கரும்பலகையைத் துடைத்துவிட்டே வகுப்பை விட்டுச் செல்லும் ஆசிரியர் சிலரை நாம் அறிவோம்.

கைல் புஷ் என்பவரும் அன்று நினைவில் நின்றார். 2005 முதல் 2023 வரை ஓராண்டேனும் தவறாமல் வென்றவர். 2024இல் அதுவரை ஒரு வெற்றியும் இல்லை. இறுதிக் கட்டத்திற்குச் செல்ல அவருக்கும் வெற்றி ஒன்றே வழி.

இருள் சூழ்ந்ததும் திடலைச் சுற்றிக் கூடார வண்டிகளில் விளக்குகள் மின்னின. இறைச்சி சுடும் புகை எழுந்தது. சிறுவர்கள் விளையாட்டுக் கார்களை மண்ணில் உருட்டினார்கள். நாம் விடைபெற்றுச் சார்லற் திரும்பினோம்.

மறுநாள் நிகழ்ந்தது

செப்டெம்பர் 1, ஞாயிறு மாலை ஆறு மணியளவிற் பந்தயம் தொடங்கியது. மாணவரின் வீட்டிலே தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். மூன்றாஞ் சுற்றிலேயே ட்ரூஎக்ஸ் விபத்தில் அகப்பட்டார். ஆயினும் முன்பே சேர்த்து வைத்த புள்ளிகள் அவரைக் காத்தன. கைல் லார்சன் 367 சுற்றுகளில் 263 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். வெற்றி அவருடையதே என்று யாவரும் எண்ணினர். வொலஸ் இறுதிக் கட்டத்திற் பல கார்கள் மோதிய விபத்திற் சிக்கிப் பின்தங்கினார். கடைசி 26 சுற்றுகளும் முன்னே நின்றது அந்த 14ஆம் இலக்கக் கார். அதனைத் துரத்தியவர் கைல் புஷ். இருவருக்கும் அதுவே கடைசி வாய்ப்பு. அரைச் செக்கனுக்கும் குறைந்த இடைவெளியிற் பிறிஸ்கோ வென்றார். மூடப்படும் அணியின் தொழிலாளர் மதிலேறிக் குதித்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். பியூஷர் ஆறாவதாக வந்தும், புதிய வெற்றியாளர் புகுந்தமையால் வெளியே நின்றார்.

வழமைப் பருவத்தின் முதலிடத்துக்கும் அன்றே தீர்ப்பு. வயிற்று நோவோடு ஓட்டிப் பத்தாவதாக வந்த ரைலர் றெடிக், நான்காவதாக வந்த லார்சனை ஒரேயொரு புள்ளியால் முந்தினார். லார்சன் மே மாதத்தில் ஒரு பந்தயத்தைத் தவறவிட்டிருந்தார். இந்தியானாபொலிஸில் மழையாற் தாமதித்த பந்தயத்தை ஓட்டிவிட்டு விமானத்திற் சார்லற்றுக்கு விரைந்தார். வந்து சேர்ந்தபோது அங்கும் மழை. காரில் ஏற முன்னரே பந்தயம் முடிக்கப்பட்டது. மே மாதத்து மழை செப்டெம்பரிற் கணக்குக் கேட்டது.

மறு ஆண்டும், 2025இல், புதிய அணியின் காரில் வந்த பிறிஸ்கோவே அங்கு வென்றார். செய்தியை எமக்கு எழுதி அறிவித்த எம் மாணவர், கடிதத்தின் முடிவில் இப்படிக் குறித்திருந்தார்: "சேர், அந்தப் பெரியவரை இம்முறையும் கண்டேன். காதடைப்பான் தந்த மனிதர் தான். உங்களைச் சுகம் கேட்டார்."