பேச்சே பாடம்

தெருக்கூத்து வாத்தியார்கள் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்குக் கைக்கொண்ட வழி ஒன்றே: அவர் பாடுவார், சீடன் திரும்பப் பாடுவான்; பிசகினால் மறுபடியும் பாடுவார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கெடாரில், ஆர்மோனியப் பெட்டியோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட எனக்கும் அந்தச் சிக்ஷையே பழக்கம். ஆயினும், சுற்றுப்புறத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டவேண்டும் என்ற ஆசையோடு சில இளைஞர்கள் மாலை வேளைகளில் என்னைத் தேடி வரத் தொடங்கியபோது, அது அவர்களுக்குப் பயன்படாது என்பது விளங்கிற்று. இருக்கிற பாட்டைப் பயிற்றலாம். இன்னும் பிறவாத பாட்டை எவ்விதம் பயிற்றுவது? ஆகவே சம்பாஷணையே எங்களுக்குப் பாடமாக அமைந்தது.

முதலில் அவர்கள் கொண்டுவருவது, பெரும்பாலும், ஏதேனும் ஒரு சினிமா மெட்டில் அடைத்த சொற்கள்தான். மெட்டு ஒருபுறம் இருக்கட்டும், நடந்ததைச் சொல் என்பேன். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் கிடந்த காலத்தைப் பற்றி ஒரு பெண் இவ்வாறு சொல்லத் தொடங்கினாள்.

“விடியறதுக்கு முன்னாடியே மண்ணு மெதிப்போம் ஐயா. அம்மா அச்சுல அப்புவாங்க, நான் கவுப்பேன்.”

“எப்ப மூச்சு வாங்குவ, பாப்பா?”

“கவுத்துட்டுதான்.”

அடி முடியவேண்டிய இடத்தை அவளே சொல்லிவிட்டாள். அப்புவதற்கும் கவிழ்ப்பதற்கும் இடைப்பட்ட காலப்பிரமாணமே தாளமாயிற்று. சொல்லும்போது குரல் தானாக உயர்ந்த ‘அம்மா’ என்ற இடம் பல்லவிக்கு எடுப்பாயிற்று. நான் செய்த காரியம் ஒரு கேள்வி கேட்டதும், பதிலின்போது காதைத் தீட்டிக்கொண்டிருந்ததும்தான்.

கூத்துக்காரனாகிய நான் அவர்களுக்குக் கொடுக்கக்கூடியவை சில உண்டு. தாளக்கட்டற்ற விருத்தத்தால் கேட்பவர் மனத்தை ஆயத்தப்படுத்திவிட்டு, பிறகு மத்தளத்தோடு தருவில் இறங்குவது. பின்பாட்டுக்காரர் அடியைத் திரும்ப எடுக்கும் அவகாசத்தில் மூச்சை மீட்டுக்கொள்வது. ஒலிபெருக்கி இல்லாத வெட்டவெளியில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் சொல் சிதையாமல் போய்ச்சேர, அடியின் ஈற்றில் நெடிலை நிறுத்துவது — இவை யாருடைய பாட்டுக்கும் உதவும் உபாயங்கள். ஆனால் என் ராகங்களையும், என் பாரதக் கதாபாத்திரங்களின் வாய்மொழியையும் அவர்கள்மேல் ஏற்றுவது தகாது.

பாம்பு பிடிப்பதைப் பற்றி ஒரு பையன் பாட்டுக் கட்டினான். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷம் எடுத்து மருந்துக்கு அளித்துவருவதையும், 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் அவன் பெருமையோடு சொல்லுவான். பாம்பு என்றவுடன் கூத்துக்காரன் கை புன்னாகவராளிக்குத்தானே போகும்? நான் வாசித்துக் காட்டியதும் அவன் சிரித்தான்.

“பாம்பு பிடிக்கச்சே நாங்க சத்தமே போடமாட்டோம் ஐயா. தடத்தத்தான் பாப்போம்.”

மகுடி அவனுடைய வாழ்வில் இல்லை. உள்ளது, வளையின் வாயில் தேய்ந்திருக்கும் மண். பெட்டியை மூடிவிட்டேன். தணிந்த குரலில், வாத்தியமின்றி, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் நின்று கவனிப்பதுபோல் அந்தப் பாட்டு உருவாயிற்று. அத்தகைய மௌனப் பிரயோகத்தை என் சம்பிரதாயம் எனக்குக் கற்பித்ததே இல்லை.

கேரளத்தின் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பெண்மணி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற 2020-ஆம் ஆண்டுப் படத்தில் தம் மொழியில் தாமே கட்டிப் பாடிய பாட்டுக்காக, 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். முறையான சங்கீத அப்பியாசம் இல்லாதவருக்கா இவ்விருது என்று அப்போது சிலர் ஆட்சேபித்தனர். அப்பியாசம் என்பது பாடசாலையில் மட்டுமே நிகழ்வதாக எண்ணுவோரின் ஆட்சேபம் அது. ஆடு மேய்த்துக்கொண்டும், ஊரார் நடுவில் பாடிக்கொண்டும் ஆயுள் முழுவதும் பழகிய குரலை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

என்னிடம் வருகிறவர்கள், “பாட்டு நல்லா வந்துருக்கா ஐயா?” என்று கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பு என்னுடையதன்று என்பதே என் பதில். மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடி, மணலில் கோயில் அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, கல்யாணங்களையும் நடத்துகின்றன. அங்கே பாடிப் பாருங்கள். உங்கள் பாட்டிமார் அடியைத் தாமே திரும்ப எடுத்துப் பாடினால் பாட்டு தேறிவிட்டது. அவர்கள் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால், மாற்றியதே பாடமாக இருக்கட்டும்.