தளபதியின் கடிதமும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்

போர்க்காலத் தளபதிகள் கைப்பட எழுதிய கடிதங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். யார் எழுதியது, எந்தப் போர்முனையிலிருந்து, யாருக்கு என்பதைப் பொறுத்து ஏலத்தில் விலை ஏறும். அந்தரங்கக் கடிதம் என்றால் மவுசு இன்னும் அதிகம். அரசாங்க அறிக்கையில் மறைத்ததை அங்கே மனம்விட்டுச் சொல்லியிருப்பார்கள் அல்லவா?

"வெள்ளைக்காரத் தளபதியின் கடிதத்தால் நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று மாணவத் தோழர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மற்ற யாரையும்விட நமக்குத்தான் அவை தேவை என்பேன்.

லார்டு ராபர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் ஆப்கன் போரில் காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்திப் பெயர் வாங்கியவர். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. அதன்பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. அவருடைய கடிதங்கள் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பகுதி 1993-ல் நூலாகவும் வந்தது. தென்னாட்டுச் சிப்பாய்களிடம் போர்க்குணம் வற்றிவிட்டது, வடக்கத்தி 'வீர இனங்கள்'தான் படைக்கு வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து.

யாருக்கு வீரம் இல்லை என்றார்கள்? மதராஸ் ராணுவத்தில் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் செத்தவர்களில் 22 மகர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் இன்றும் இருக்கின்றன. ஆனாலும் மதராஸ் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. 1890-களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றுபோனது.

போனது சிப்பாய் வேலை மட்டுமல்ல. மாதச் சம்பளம் போனது, பென்ஷன் போனது. எல்லாவற்றுக்கும் மேலாகப் படிப்பு போனது. ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில் ராணுவம் சிப்பாய்க்கும் அவன் பிள்ளைகளுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். அவர் பிறந்து ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கதவு மூடப்பட்டது.

முன்னாள் ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894-ல் இதை எதிர்த்து மனு எழுதினார். தளபதியின் கருத்து கொள்கையானது. நம்மவர் மனு வெறும் மனுவாகவே நின்றது. ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கதவு திறந்தது. 1917-ல் மகர் படைப்பிரிவு ஒன்றை அமைத்தார்கள், 1921-ல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் மீண்டும் அமைத்தார்கள்.

சாதாரணச் சிப்பாயின் கடிதம் என்ன ஆனது? முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அவர்கள் எடுத்துவைத்த பகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தளபதியின் கடிதத்தை மதிப்பு காப்பாற்றியது. சிப்பாயின் கடிதத்தைச் சந்தேகம் காப்பாற்றியது. அந்தச் சந்தேகக் கோப்பில்கூட நம்மவர் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கே பேசுபவர்களில் பெரும்பாலோர் 'வீர இனம்' என்று முன்பே பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள்.

அதனால் தோழர்களே, இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தளபதிகளின் கடிதங்களைப் படியுங்கள். போர்த் தந்திரத்தை ரசிப்பதற்காக அல்ல. நம்மைப் பற்றி யார், யாரிடம், எந்த ஆண்டு என்ன சொன்னார்கள், அதன்பின் எந்த உத்தரவு வந்தது என்று குறித்துக்கொள்வதற்காக. நம் மீது சுமத்தப்பட்ட இழிவுக்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி.

இரண்டாவது, நம் தெருக்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று சொல்லப்படும் வீடுகளுக்குப் போங்கள். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, பாதி கிழிந்த கடிதம் ஏதாவது இருக்கும். முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் அதன் விளிம்பைப் பாருங்கள். சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் சொத்து. அனுமதி கேட்டுப் படமெடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், தேதியும் ஊரும் எழுதிவையுங்கள்.

லண்டனில் ராபர்ட்ஸின் காகிதத்துக்குக் காவல் இருக்கிறது. நம் தாத்தாக்களின் காகிதம் வெள்ளத்திலும் கரையானிலும் பழைய பேப்பர்க்காரர் மூட்டையிலும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

ஜெய்பீம்!