பரலில் வெட்டிய மட்காட்

மாரி தொடங்கினால் எங்கள் வீட்டில் முதலில் பழுதாவது என் மகளின் வெள்ளைச் சீருடைதான். மழையில் நனைந்தது காய்ந்துவிடும். பின் சில்லு வாரியடித்த சேறு, முதுகு வரை ஒரு கோடாக ஏறியிருக்குமே, அதைக் கசக்கிக் கசக்கி என் கை ஓய்ந்துபோகும். வெள்ளை உடுப்பின் பின்பக்கத்தில் அப்படியொரு கறையோடு 14 வயதுப் பிள்ளை வகுப்புக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்று தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் அழுதபடி வந்து, "உம்மா, இனி மழையென்றால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்றாள். யாழ்ப்பாணத்தில் நவம்பர் மாதத்தில் மழையில்லாத நாளை எங்கே தேடுவது?

குற்றம் சைக்கிளில்தான். புத்தளத்திலிருக்கும் என் தம்பி, தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று அனுப்பிய 'மவுண்டன்' சைக்கிள் அது. தடித்த ரயர், முன்பக்கம் ஸ்பிரிங், ஆனால் மட்காட் இல்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து புதுச் சைக்கிளின் விலை எங்களுக்கு எட்டவில்லை. ஆகவே வந்ததை மறுக்கவில்லை. இந்த வகைச் சைக்கிள் 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில், மலைச்சரிவில் பாய்ந்திறங்கி விளையாடியவர்களால் உருவானதாம். அவர்களுக்கு மட்காட் ஒரு சுமை; சேறும் சுள்ளியும் அதற்குள் அடைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு அது சரி. பாடசாலைப் பிள்ளைக்கும் அப்படியே விற்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்காட் வராது தங்கச்சி. பூட்ட ஓட்டையே இல்லை" என்றார். பழைய றலிச் சைக்கிளின் இரும்பு மட்காட்டை வைத்துப் பார்த்தோம். அது 28 அங்குலச் சில்லுக்குரியது. இதுவோ 26. வளைவும் பொருந்தவில்லை, தடித்த ரயருக்கு அகலமும் போதவில்லை.

அன்றிரவு வாப்பாவின் நினைவு வந்தது. சோனகத் தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். எந்த மழையிலும் அவருடைய வெள்ளைச் சாரத்தில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. "ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேணும், மகள்" என்பார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அந்தச் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் வந்தோம். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரடியில் சைக்கிளைத் தேடவில்லை என்று சொன்னால் அது பொய்.

காலையில் கிணற்றடியில் வெடித்துக் கிடந்த நீலப் பரல் கண்ணில் பட்டது. அதன் வளைவும் சில்லின் வளைவும் கிட்டத்தட்ட ஒன்று! குறுக்காக வளையம்போல் அரிந்தெடுத்து, சற்று விரித்துவிட்டால் போதும். ரயரைவிட இரண்டு விரல் அகலம் கூட வைத்து நானும் மகளும் அரிந்தோம். பழைய மட்காட் கம்பிகளைச் சொற்ப காசுக்கு வாங்கினோம். ஓட்டையில்லாத இடங்களில், தண்ணீர்க் குழாய் இறுக்கும் கிளிப்பால் கம்பியைப் பிடித்தோம். அடியில் பழைய ரியூப் துண்டொன்றைச் சுற்றியதால் வழுக்கவில்லை, பெயின்றும் உரியவில்லை.

பின்பக்கம் நன்றாக அமைந்தது. முன்பக்கம்தான் எங்களை ஏமாற்றியது. ஹேண்டிலுக்குக் கீழே, மேல்பகுதியில் இறுக்கிவிட்டேன். முதல் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்க, சில்லு மேலே ஏறி மட்காட்டில் உரசிப் பிடித்துக்கொண்டது. பிள்ளை ஒரு காலை ஊன்றித் தப்பினாள், அல்ஹம்துலில்லாஹ். மகள்தான் குந்தியிருந்து ஹேண்டிலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: "உம்மா, சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குவது இந்தக் கீழ்க் கால்கள் இரண்டும்தான். அதில் கட்டினால் மட்காட்டும் கூடவே ஏறும்." கழற்றி, கீழ்க் கால்களில் மட்டும் பூட்டினோம். அப்புறம் பிரச்சினை வரவில்லை.

ஆனால் கோண்டாவில் பக்கம் ரியூஷனுக்குப் போய்வந்த அன்று செம்மண் உள்ளே அப்பிச் சில்லு இறுகிவிட்டது. அழகுக்காக நெருக்கி வைத்தது என் பிழை. வாப்பாவின் ஒரு விரல் இருக்கிறதே, அந்த அளவுக்குத் தளர்த்தினேன். கம்பி நுனி காலில் கீறாதபடி உள்ளே மடக்கி, முன் மட்காட்டின் அடியில் ரியூப் துண்டொன்றைத் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு சப்பாத்தும் அவ்வளவாக நனைவதில்லை.

போன வியாழன் நல்ல மழை. மகள் வாசலில் இறங்கியதும் முதலில் முதுகைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "ஆனால் உம்மா, ரோட்டில் போகும்போது தடதடவென்று சத்தம் போடுது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்" என்று குறைப்பட்டாள். பின்னால் வந்த அவளுடைய கூட்டாளி தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, முதுகில் நீண்ட சேற்றுக் கோட்டோடு நின்றாள்.

பரலில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. கிளிப்தான் நான்கு வாங்க வேண்டும்.